மாண்ட்ரியல் கோடை விழாக்கள்: முதல்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஜூன் பிறந்துவிட்டால் மாண்ட்ரியலில் என் வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வந்த பெற்றோர், மே மாதம்தான் படிக்க வந்திறங்கிய மாணவர்கள், டொராண்டோவிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வரும் சித்தி குடும்பம் என்று யாரையாவது கூட்டிக்கொண்டு நகர மையத்து விழாத் திடலில் நின்றுகொண்டிருப்பேன். இப்படிப் பல கோடைகள் ஆகிவிட்டன.

எல்லோரும் சறுக்குவது ஏறக்குறைய ஒரே இடங்களில்தான். இலவச நிகழ்ச்சிதானே, திட்டம் எதற்கு என்று நினைப்பது முதல் சறுக்கல். டிக்கெட் வாங்கிய கச்சேரியில் உங்கள் நாற்காலி உங்களுக்காகக் காத்திருக்கும். இங்கே நிற்கும் இடம், கழிப்பறை, சாப்பாடு, வீடு திரும்பும் ரயில் எல்லாவற்றையும் நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள், வரிசை மாறினால் செலவும் அலைச்சலும் கூடும்.

1. முதலில் எந்த வாரம் என்று முடிவு செய்யுங்கள்

விழாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, எந்த வாரம் வந்தாலும் ஏதோ ஒன்று நடக்கும். ஆனால் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது.

ஜூன் மாதத்தில் ஃப்ரான்கோ விழா, முழுக்க பிரெஞ்சுப் பாடல்கள். அதே மாதம் சான் லோரான் சாலையில் மியூரல் விழா, கட்டடச் சுவர்களில் பெரிய ஓவியங்களை வரைவதை நின்று பார்க்கலாம், விழா முடிந்த பிறகும் அந்த ஓவியங்கள் அங்கேயே இருக்கும். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை முதல் வாரம் வரை ஏறக்குறைய பத்து நாள் ஜாஸ் விழா. ஜூலையில் சர்க்கஸ் விழாவும், ஆப்பிரிக்கா, கரீபியன், லத்தீன் அமெரிக்க இசைக்கான நுய் தாஃப்ரிக் விழாவும். ஜூலை முடிந்து ஆகஸ்ட் பிறக்கும் வார இறுதியை ஒட்டி ஆற்றின் நடுவே ஜான் த்ரப்போ பூங்காத் தீவில் ஒஷேயாகா என்ற இசை விழா, அதற்கு மட்டும் டிக்கெட் இல்லாமல் வழியே இல்லை. ஆகஸ்டில் பூர்வகுடி மக்களின் கலைவிழாவும், மாண்ட்ரியல் சிம்ஃபனி இசைக்குழு ஒலிம்பிக் பூங்காவில் நடத்தும் பெரிய இலவசக் கச்சேரியும் உண்டு.

முதல்முறை என்றால் ஜாஸ் விழா வாரத்தையே எடுங்கள். ஏறக்குறைய 350 கச்சேரிகளில் மூன்றில் இரண்டு பங்கு இலவசம், பெயர் ஜாஸ் என்றாலும் ப்ளூஸ், ஹிப் ஹாப், ரெகே, பிரேசில் இசை எல்லாம் இருக்கும். சின்னப் பிள்ளைகள் கூட வருகிறார்கள் என்றால் நான் ஜூலை சர்க்கஸைத்தான் சொல்வேன், குறிப்பிட்ட வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு சாக்ஸஃபோன் தனியாவர்த்தனம் பிடிபடாது, ஆனால் கம்பத்தின் உச்சியிலிருந்து தலைகீழாக வழுக்கி வரும் ஆளைப் பார்த்து வாய் பிளக்காத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

இரண்டு தேதிகளைக் குறித்து வையுங்கள். ஜூன் 24 மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தின் பொது விடுமுறை, பல கடைகள் மூடியிருக்கும். ஜூலை 1 அன்று பாதி ஊர் வீடு மாறும். இங்கே வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் 30இல் முடிவதால் அடுத்த நாள் தெருவெல்லாம் லாரியும் சோஃபாவும் மெத்தையுமாக இருக்கும். அன்று காரில் வந்து இறங்குவது வீண் சிரமம், ஒரு நாள் முன்பே வந்துவிடுங்கள்.

2. தங்கும் இடத்தை மெட்ரோவை வைத்துத் தேடுங்கள்

பெரும்பாலான இலவச மேடைகள் இருக்கும் பகுதிக்குப் பெயர் கார்த்தியே தே ஸ்பெக்டாக்ல். பச்சை வழித்தடத்தில் ப்ளாஸ் தேஸ் ஆர், சான் லோரான் ஆகிய இரண்டு நிலையங்களும், ஆரஞ்சு வழித்தடத்தில் பத்து நிமிட நடையில் ப்ளாஸ் தார்ம் நிலையமும் அதற்குக் கிட்ட இருக்கின்றன.

புதிதாக வருகிறவர்கள் திடலுக்குப் பக்கத்திலேயே ஹோட்டல் தேடி இருமடங்கு பணம் கொடுக்கிறார்கள். தேவையில்லை, ஏதாவது ஒரு மெட்ரோ நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் அறை கிடைத்தால் போதும். கோடையில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதி அறைகளை வெளியாட்களுக்கும் வாடகைக்கு விடுகிறார்கள், சாதாரண அறைதான், ஆனால் மலையடிவாரத்தில் நல்ல இடம். தனியார் வீடு எடுப்பதாக இருந்தால் விளம்பரத்தில் கியூபெக் அரசின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவில்லாத வீட்டை முன்பதிவு செய்துவிட்டு, கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் ரத்து என்று செய்தி வந்து தவித்த ஒரு குடும்பம் என் வீட்டு ஹாலில் பாய் விரித்துப் படுத்தது.

காரில் வருகிறவர்கள் காரைத் தங்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள். நகர மையத்தில் ஒரே கம்பத்தில் மூன்று நான்கு பார்க்கிங் பலகைகள் இருக்கும், நாளும் நேரமும் பிரெஞ்சில் இருக்கும், எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால்தான் அர்த்தம். டொராண்டோக்காரர்களுக்கு இன்னொன்று: மாண்ட்ரியல் தீவுக்குள் சிவப்பு விளக்கில் வலது பக்கம் திரும்பக் கூடாது.

3. நிகழ்ச்சி நிரலைப் படிக்கப் பழகுங்கள்

இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், பயணம் கிளம்பும் முன்பே. இலவச வெளியரங்க நிகழ்ச்சிகளின் பட்டியல் பொதுவாக டிக்கெட் கச்சேரிகளின் அறிவிப்புக்குப் பிறகுதான் வரும், அதனால் ஏப்ரலில் பார்த்துவிட்டு இலவசமாக ஒன்றுமில்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

நேரம் 24 மணிக் கணக்கில் இருக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ஹெச் எழுத்து நிற்கும், அது மணியைக் குறிக்கும், 21 ஹெச் 30 என்றால் இரவு ஒன்பதரை. எளிய விஷயம்தான், ஆனால் 19 ஹெச் என்பதை ஒன்பது மணி என்று நினைத்து கச்சேரி முடிந்த பிறகு வந்து நின்றவர்களை எனக்குத் தெரியும்.

சில பிரெஞ்சு வார்த்தைகள் போதும். கிராத்துயி என்றால் இலவசம். சால் என்றால் உள்ளரங்கம், பெரும்பாலும் டிக்கெட் வேண்டும். கொம்ப்ளே என்றால் இடம் தீர்ந்துவிட்டது. அனுலே ரத்து, ரப்போர்த்தே தள்ளிவைப்பு, சோர்த்தி வெளியேறும் வழி. பணியில் இருக்கும் இளைஞர்களிடம் ஒரு பான்ஜூர் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் கேட்டால் முகம் மலர்ந்து பதில் சொல்வார்கள்.

4. ஒரு மாலைக்கு ஒரே ஒரு நிகழ்ச்சி

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். ஒரு மாலைக்கு ஒரே ஒரு நிகழ்ச்சியை உறுதியாகத் தேர்ந்தெடுங்கள், மற்றதெல்லாம் வழியில் கிடைத்தால் சரி.

புதியவர்கள் ஆறு மணிக்கு இது, ஏழுக்கு அது, எட்டுக்கு இன்னொன்று என்று அட்டவணை போட்டு வருவார்கள். வரைபடத்தில் இரண்டு மேடைகளுக்கும் நடுவே முந்நூறு மீட்டர்தான் இருக்கும், ஆனால் கூட்டத்தில் அது இருபது நிமிடம். ஒவ்வொரு மேடையிலும் கடைசியில் போய் ஓரத்தில் நிற்பார்கள், நல்ல பாட்டு வரும்போது அடுத்த மேடைக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். என் மாமா ஒருவர் அப்படி ஒரே மாலையில் ஐந்து மேடை பார்த்தார், மறுநாள் கேட்டால் ஒரு பாட்டுக்காரர் முகம்கூட அவருக்கு நினைவில்லை.

நான் செய்வது இதுதான். இரவு ஒன்பது, ஒன்பதரைக்குப் பெரிய மேடையில் நடப்பதை உறுதியாக வைத்துக்கொள்வேன். அதற்கு முன்னால் ஆறு மணியிலிருந்து எந்தத் திட்டமும் இல்லாமல் சின்ன மேடைகளின் பக்கம் நடப்பேன், காதுக்குப் பிடித்த இடத்தில் நிற்பேன். பெயரே தெரியாத ஒரு குழு முப்பது பேருக்கு முன்னால் உயிரைக் கொடுத்து வாசிப்பதைப் பத்தடி தூரத்தில் நின்று கேட்பது பெரிய மேடையில் எப்போதும் கிடைக்காது.

5. டிக்கெட் வாங்குவதானால் ஒன்று மட்டும், சின்ன அரங்கில்

முழு வாரத்தில் ஒரு உள்ளரங்கக் கச்சேரிக்குப் பணம் செலவழியுங்கள். என் தேர்வு ப்ளெரி தெருவில் ஜெசு தேவாலயத்தின் அடியில் இருக்கும் சின்ன அரங்கம். மேடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், வாசிப்பவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். நம் ஊரில் சபாவின் முன்வரிசையில் உட்கார்ந்து மிருதங்கம் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தச் சுகம் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

விழாவின் சொந்த இணையதளத்தில் தொடங்கி, அது காட்டும் இணைப்பிலேயே வாங்குங்கள். தேடுபொறியில் முதலில் வருவது பல நேரம் மறுவிற்பனைத் தளம், இலவச நிகழ்ச்சி உள்ள நாளுக்குக்கூட ஏதோ ஒன்றை விலை போட்டு வைத்திருப்பார்கள். கடைசிப் பக்கத்தில் வரியும் கட்டணமும் சேர்ந்த மொத்தத் தொகையைப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

6. பையில் என்ன

நுழைவாயிலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பை சிறியதாக இருந்தால் வரிசை வேகமாக நகரும், தோளும் வலிக்காது.

வீட்டுக் குழாய்த் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் அல்லது உலோகப் புட்டி, மெல்லிய மழைக்கோட்டு, தொப்பி, காதடைப்பான், கைபேசிக்கு பவர் பேங்க். கண்ணாடிப் புட்டியும் வெளியிலிருந்து மதுவும் எடுத்துப் போகாதீர்கள், வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். குடை வேண்டாம், மழையில் குடை விரித்தால் பின்னால் நிற்கும் பத்துப் பேருக்கு மேடை மறையும்.

காலணி முக்கியம். செருப்பு போட்டு வருகிறவர்கள் எட்டரை மணிக்கே உட்கார இடம் தேட ஆரம்பித்துவிடுவார்கள், கல் பதித்த தரையில் நான்கு மணி நேரம் நிற்க வேண்டும்.

7. சாப்பாடும் கழிப்பறையும் கூட்டத்துக்கு முன்னால்

திடலில் உணவு வண்டிகள் உண்டு, விலை அதிகம், எட்டு மணி வரிசை இன்னும் அதிகம். ப்ளாஸ் தேஸ் ஆர் வளாகத்துக்கு எதிரே கொம்ப்லெக்ஸ் தெஜார்தான் என்ற பெரிய கட்டடம் இருக்கிறது, நிலத்தடி வழியாக மெட்ரோவிலிருந்தே போகலாம். உள்ளே பல கடைகள் கொண்ட சாப்பாட்டுக் கூடம், ஏசி, கழிப்பறை எல்லாம் உண்டு. புதியவர்கள் வெளியே வைத்திருக்கும் நகரும் கழிப்பறைக்கு நாற்பது பேர் பின்னால் நின்றுகொண்டிருப்பார்கள், அறுபதடி தள்ளி இது இருப்பது தெரியாமல். ஆனால் கடைகள் இரவில் சீக்கிரம் மூடிவிடும், ஆறரை மணிக்குள் அங்கே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

எங்கள் வழக்கம் வேறு. பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் ஈழத் தமிழர் கடைகளில் மீன் ரோல்ஸும் மரக்கறி ரொட்டியும் மதியமே வாங்கி, மவுண்ட் ராயல் மலையடிவாரத்துப் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அங்கிருந்து இறங்கி நடப்போம். ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்கு இது பெரிய நிம்மதி, வயிறு நிறைந்திருந்தால் புரியாத பாட்டும் நன்றாக இருக்கும்.

உட்கார்ந்து சாப்பிடும் உணவகம் என்றால் பட்டியலில் உள்ள விலையோடு வரி ஏறக்குறைய 15 சதவீதம் சேரும், டிப்ஸ் இன்னொரு 15. டிப்ஸை வரிக்கு முந்தைய தொகையின் மேல் கணக்கிட்டால் போதும். இருபது டாலர் சாப்பாடு இருபத்தாறாக வரும் என்று முதலிலேயே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

8. எப்போது போய், எங்கே நிற்பது

பெரிய மேடை நிகழ்ச்சிக்கு நாற்பத்தைந்து நிமிடம் முன்னால் போங்கள். பிரபலமான கலைஞர், அதுவும் சனிக்கிழமை என்றால் ஒன்றரை மணி நேரம். கூட்டம் அளவை மீறினால் நுழைவாயிலையே மூடிவிடுவார்கள், அப்புறம் யார் சொன்னாலும் திறக்காது.

முன்வரிசைக்கு முண்டியடிக்க வேண்டாம். திடலின் நடுவே ஒலியமைப்பாளர்கள் உட்காரும் கூடாரம் இருக்கும், அதற்குச் சற்று முன்னாலோ பக்கத்திலோ நில்லுங்கள். அவர்கள் அந்த இடத்தில் எப்படிக் கேட்கிறதோ அதை வைத்துத்தான் ஒலியைச் சரிசெய்கிறார்கள், அதனால் முழு மேடையும் சமமாகக் கேட்கும் இடம் அதுதான். மேடைக்கு ஒட்டி நின்றால் பேஸ் என்ற கனத்த அடியொலி மட்டும்தான் நெஞ்சில் இடிக்கும், பாடகர் குரல் அதில் மூழ்கிப்போகும்.

கூட்டத்துக்குள் போகும் முன் பிரிந்துபோனால் சந்திக்கும் இடத்தைப் பேசி வையுங்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் கைபேசி பயன்படுத்தும்போது செய்தி போகாது. மெட்ரோ வாசல் என்று மட்டும் சொல்லாதீர்கள், அதற்குப் பல வாசல்கள், எந்தத் தெருவின் வாசல் என்று சொல்லுங்கள்.

9. பெரியவர்களும் பிள்ளைகளும்

முட்டி வலி உள்ளவர்களைத் திடலின் நடுவுக்குக் கூட்டிப் போகாதீர்கள். ப்ளாஸ் தேஸ் ஆர் வளாகத்தின் அகலமான படிகளில் ஏழரை மணிக்குள் போனால் உட்கார இடம் கிடைக்கும். மெட்ரோவில் எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் இல்லை, வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறி உள்ள நிலையங்களை முன்பே பார்த்து வையுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குக் காதை முழுதாக மூடும் பாதுகாப்புக் கவசம் கட்டாயம், இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அவர்கள் சத்தம் தாங்கவில்லை என்று சொல்லத் தெரியாமல் அழுவார்கள், நாம் தூக்கம் என்று நினைப்போம். பிள்ளைகளை மாலை ஐந்து மணிக்கே கூட்டிப் போய், தரையிலிருந்து பீய்ச்சும் நீரூற்றுகள் ஓடினால் அதில் விளையாட விட்டு, எட்டரைக்குக் கிளம்புங்கள். மாற்றுடை ஒன்று பையில் வைத்தால் நல்லது. 11 வயது வரை பெரியவர்களோடு வரும் பிள்ளைகளுக்கு மெட்ரோ இலவசம்.

10. மழை வந்தால்

ஜூலையில் ஈரப்பதமும் வெக்கையும் சென்னையை நினைவுபடுத்தும், மாலையில் திடீரென்று இடிமழை கொட்டும். வெறும் மழைக்கு நிகழ்ச்சி நிற்காது, மின்னல் என்றால் நிறுத்துவார்கள்.

அப்போது எல்லோரும் வீட்டுக்கு ஓடுவார்கள், நீங்கள் ஓடாதீர்கள். நிலத்தடி வழியில் இறங்கி அரை மணி நேரம் காத்திருந்து, விழாவின் செயலியில் அறிவிப்பைப் பாருங்கள். மீண்டும் தொடங்கினால் பாதிக் கூட்டம்தான் இருக்கும், முன்னாலேயே நிற்கலாம். எனக்குக் கிடைத்த மிக நல்ல மாலைகளில் இரண்டு, நனைந்த தரையில் இப்படி நின்று கேட்டவை.

11. திரும்பும் வழியை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

பயணச்சீட்டில் தொடங்குங்கள். மாலை 6 மணியிலிருந்து காலை 5 வரை எத்தனை முறை வேண்டுமானாலும் போகும் மாலைச் சீட்டு ஒன்றும், வெள்ளி மாலை 4 முதல் திங்கள் காலை 5 வரை செல்லும் வார இறுதிச் சீட்டு ஒன்றும் இருக்கின்றன. புதியவர்கள் ஒவ்வொரு பயணத்துக்கும் தனிச் சீட்டு வாங்கிக்கொண்டே இருப்பார்கள். விமான நிலையத்திலிருந்து 747 பேருந்தில் வருகிறவர்களுக்கு அந்தச் சீட்டே 24 மணி நேரம் நகரத்துக்குள் மெட்ரோ, பேருந்து எல்லாவற்றுக்கும் செல்லும், அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கச்சேரி முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ப்ளாஸ் தேஸ் ஆர் நிலையத்துக்குள் இறங்கும். நீங்கள் தெற்கே சைனாடவுன் வழியாக ப்ளாஸ் தார்ம் வரை நடந்துவிடுங்கள். அங்கே நேரடியாக ஆரஞ்சு ரயில், பெரி-யூகாம் நிலையத்தில் நெரிசலோடு வண்டி மாற வேண்டாம். பார்க் எக்ஸ்டென்ஷன் போகிறவர்கள் ஜான் தலோனிலும் கோத் தே நேஜ் போகிறவர்கள் ஸ்னோடனிலும் நீல வழித்தடத்துக்கு மாறினால் போதும்.

கடைசி ரயில் பொதுவாக நள்ளிரவு பன்னிரண்டரைக்கும் ஒரு மணிக்கும் நடுவே, சனிக்கிழமை இன்னும் அரை மணி தள்ளி. நிலையத்துக்கு நிலையம் நேரம் மாறும், நீங்கள் வண்டி மாறும் நிலையத்தின் கடைசி ரயிலையும் பாருங்கள். அதைத் தவறவிட்டால் 300களில் எண் கொண்ட இரவுப் பேருந்துகள் ஓடுகின்றன. பிக்சி வாடகை சைக்கிளில் வருகிறவர்கள் திடலை ஒட்டிய நிறுத்தத்தில் விட நினைக்காதீர்கள், இடமே இருக்காது, நான்கைந்து தெரு முன்னாலேயே நிறுத்திவிட்டு நடங்கள்.

ஒஷேயாகா போல அந்தப் பூங்காத் தீவில் நடக்கும் நிகழ்ச்சி என்றால் ஜான் த்ரப்போ என்ற ஒரே நிலையம்தான், மஞ்சள் வழித்தடம். கடைசிப் பாட்டுக்கு முன்னால் கிளம்புங்கள், இல்லையென்றால் முடிந்த பிறகு அரை மணி நேரம் புல்லில் உட்கார்ந்திருங்கள். இரண்டுக்கும் நடுவில் போனால் வரிசையில்தான் அந்த அரை மணி கழியும். அவசரத்தில் எதிர்த்திசை ரயிலில் ஏறினால் லோங்கேய் போய்விடுவீர்கள், அது வேறு கட்டண மண்டலம், திரும்பி வர வேறு சீட்டு வேண்டும்.

12. இடையில் ஒரு நாள் திடலுக்குப் போகாதீர்கள்

மூன்று நாளுக்கு மேல் தங்கினால் ஒரு நாள் காலுக்கும் காதுக்கும் ஓய்வு கொடுங்கள்.

கோடையில் வாணவேடிக்கைப் போட்டி நடக்கும் இரவுகள் சில உண்டு, பொதுவாக இரவு பத்து மணிக்குத் தொடங்கும். ஜாக் கார்த்தியே பாலத்தை அப்போது வண்டிகளுக்கு மூடிவிடுவார்கள், பாப்பினோ நிலையத்தில் இறங்கி நடந்து போய்ப் பாலத்தின் மேலேயே நின்று பார்க்கலாம். காற்று குளிரும், மேல்சட்டை ஒன்று எடுத்துப் போங்கள்.

அந்த ஓய்வு நாள் ஞாயிறாக அமைந்தால் இன்னும் நல்லது. பார்க் அவென்யூவில் கார்த்தியே நினைவுச்சின்னத்தின் அடியில் மதியத்திலிருந்து பொழுது சாயும்வரை யார் வேண்டுமானாலும் மேளம் கொண்டுவந்து வாசிப்பார்கள். மேடை இல்லை, நிரல் இல்லை, நேரமும் கிடையாது. 80ஆம் எண் பேருந்து அருகிலேயே நிற்கும். போன கோடையில் ஊரிலிருந்து வந்த என் பெரியப்பா பக்கத்தில் இருந்தவரிடம் சைகையிலேயே கேட்டு ஜெம்பே என்ற ஆப்பிரிக்க மேளம் ஒன்றை மடியில் வாங்கிவைத்துக்கொண்டு ஆதி தாளம் போட்டார், சுற்றி இருந்த ஏழெட்டுப் பேர் அதற்கேற்ப வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள், அன்று அவரை அங்கிருந்து கிளப்ப எங்களுக்கு இரவு ஒன்பது மணியாகிவிட்டது.